சுத்தியல் வேண்டாம், நட்டு போதும்

கேள்வி: என் லுமாலா சைக்கிளின் ஹேண்டில் 'கடக் கடக்' என்கிறது. புதுக் கப் செட் வாங்கிவிட்டேன். கடைக்காரரின் கருவிகள் இல்லாமல் வீட்டிலேயே போடலாமா?
- வாசகர், சாய்ந்தமருது

பதில்: தாராளமாகப் போடலாம். முன் சில்லு வாரியடிக்கும் மணலும் தண்ணீரும் போய்ச் சேர்வது கீழ்க் கப்பில்தான். கல்முனைக் கரையின் உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழைய கப்பைப் பிரேமின் முன் குழாயின் உள்ளேயிருந்து இரும்புக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றுங்கள்.

புதியதை மட்டும் சுத்தியலால் அடிக்காதீர்கள். பலரும் அடிக்கத்தான் செய்கிறார்கள். கப் கோணலாக ஏறினால் குழாயின் வாயே விரிந்துவிடும், அப்புறம் பிரேமுக்குத்தான் செலவு. நெடுக மரை வெட்டிய அரை அங்குலக் கம்பி, இரண்டு நட்டு, அகலமான தடித்த வாசர்கள் ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். கம்பியைக் குழாய்க்குள் விட்டு, ஒரு முனையில் கப்பை வைத்து, இரு பக்கமும் வாசரும் நட்டும் போட்டு, கீழ் நட்டைப் பிடித்துக்கொண்டு மேல் நட்டை மெல்ல இறுக்குங்கள். வாசர் கப்பின் விளிம்பில் அமரவேண்டும். குண்டு ஓடும் பள்ளத்தில் படக்கூடாது. பிறகு மற்றக் கப்.

குண்டுகளைக் கிறீஸில் பதிக்கும்போது ஒரு குண்டுக்கு இடம் விடுங்கள். பூட்டியபின் முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது, முன் சில்லைத் தூக்கினால் ஹேண்டில் தானாகச் சரியவும் வேண்டும்.