காலியான நாற்காலிகள், நிரம்பி வழியும் சிறைகள்

காவல், நீதிமன்றம், சிறை ஆகியவற்றைப் பற்றி நம்மிடையே உலவும் நான்கு நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: சிறையில் இருப்பவர்கள் குற்றவாளிகள், நெரிசல் கூடினால் புதிய சிறை கட்ட வேண்டும்.

உண்மை: 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடமோ 4,36,266 பேருக்குத்தான். உள்ளே இருந்தவர்களில் நான்கில் மூவர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். வழக்கு முடிந்தால்தான் நெரிசல் தீரும்.

நம்பிக்கை: வழக்குகள் இழுபடுவதற்கு நீதிமன்ற விடுமுறைதான் காரணம்.

உண்மை: 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இலேயே சொன்னது. 2002இல் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. 2025ஆம் ஆண்டு இந்திய நீதி அறிக்கையின்படி 10 லட்சம் மக்களுக்குப் பணியில் இருப்பவர்கள் ஏறத்தாழ 15 பேர். ஒரே நீதிபதியின் மேசையில் வழக்குக் கட்டுகள் குவிந்தால் வாய்தாவுக்கு மேல் வாய்தாதான் விழும்.

நம்பிக்கை: அடிக்கடி தேர்வு நடக்கிறது, போலீசில் ஆள் பற்றாக்குறை இல்லை.

உண்மை: 2022 தொடக்கத்தில் நாடெங்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட காவல் பணியிடங்கள் காலி. வழிக்காவலுக்கு ஆள் இல்லாவிட்டால் கைதி நீதிமன்றம் வர முடியாது. அன்றைய விசாரணையும் தள்ளிப்போகும். காவலும் சிறையும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே இந்தக் காலியிடங்களைப் பற்றி உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: இலவச வக்கீல் வேண்டுமானால் வருமானச் சான்று காட்ட வேண்டும்.

உண்மை: காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு கிடையாது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு தரும் உரிமை அது. ஆனால் அதே நீதி அறிக்கையின் கணக்கில், மக்களில் தலைக்கு ஆண்டொன்றுக்குக் காவல்துறைக்கு 1,275 ரூபாய் செலவாகிறது. சட்ட உதவிக்கு வெறும் 6 ரூபாய்.

பிடித்து அடைப்பதற்குப் பணம் இருக்கிறது. விசாரித்து முடிக்க ஆள் இல்லை. அதற்கான விலையைத் தீர்ப்பில்லாமல் சிறையில் கிடப்பவர் தன் நாட்களால் கட்டுகிறார். உங்களுக்குத் தெரிந்தவர் எவராவது அப்படி இருந்தால் இன்றே 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள். வக்கீல் கேட்பது அவருடைய உரிமை.