வீட்டுக்குள் பொறிவண்டு வந்தால்

"தறி மேலே சிவப்பு வண்டு வந்து உட்காருதே, மருந்து அடிச்சிடலாமா?" என்று காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் வீடுகளில் கேட்பதுண்டு. வேண்டாம்.

பொறிவண்டு நோய் பரப்பாது. பயிரைக் கெடுக்கும் அசுவினியையும் புகையானையும் தின்னும். காபிச் செடிப் பூச்சியை ஒழிக்க, 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் இனத்தை நம் நாட்டுக்குத் தருவித்தார்கள்.

நசுக்காதீர்கள், மஞ்சள் நீர் கசிந்து பட்டுப் பாவில் கறை படும். துடைப்பத்தால் மெல்ல முறத்தில் தள்ளி, செடியில் விடுங்கள். சன்னல் இடுக்கை அடையுங்கள்.

கணவன், மனைவி இருவரும் கவனியுங்கள்: வயலுக்கு வாங்கின பூச்சிமருந்தை வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. அது தொட்டிலிலும் குடிதண்ணீரிலும் படியும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆபத்து. தப்பித் தவறி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருந்துப் புட்டியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.