நெடுந்தொடரும் கொழுந்துக் கூடையும்

கேள்வி: நரூட்டோ, ஒன் பீஸ் ஆகிய ஜப்பானிய அனிமேத் தொடர்களில் எதை முதலில் பார்ப்பது? ஒன்றுவிடாமல் பார்க்கத்தான் வேண்டுமா?
– வாசகர் ஒருவர், லிந்துலை

பதில்: 1999 ஒக்டோபரில் ஆரம்பித்து, 1,100 அத்தியாயங்களையும் கடந்து, இன்னமும் முற்றுப்பெறாத ஒன் பீஸைத் தொடக்கத்திலேயே கையிலெடுப்பது, நீச்சல் பழகாதவன் சமுத்திரத்தில் இறங்குவதற்கு ஒப்பாகும்; ஆதலால், 220 அத்தியாயங்களில் நிறைவெய்தும் நரூட்டோவின் முதற்பாகமே புதிய ரசிகருக்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம். 500 அத்தியாயங்கள் கொண்ட ஷிப்புடென் என்னும் அடுத்த பாகம் அதன் பின்னர் வரட்டும்.

வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடரானது, தனக்கு மூலமான மங்கா என்னும் சித்திரக்கதையை எட்டிப் பிடித்துவிடும் சந்தர்ப்பங்களில், அக்கதை முன்னேற அவகாசம் தேடும் பொருட்டு, அதில் இல்லாத சம்பவங்களைத் தயாரிப்பாளர்கள் இடையிலே செருகுவது வழக்கம்; நரூட்டோவில் 143 முதல் 219 வரையிலான அத்தியாயங்கள் இவ்வகையைச் சார்ந்தவையே. முற்றிய இலையை நீக்கி, இரண்டிலையும் ஓர் அரும்புமாய்த் தேயிலைக் கொழுந்தெடுக்கும் கைகளை நாள்தோறும் காணும் தங்களுக்கு, எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் விவேகத்தை நான் உபதேசிக்க வேண்டியதில்லை. அந்த இடைச்செருகல் அத்தியாயங்களை விடுத்து, இரவுக்கு இரண்டு அத்தியாயமாகப் பார்த்துவந்தால், முதற்பாகம் 72 இரவுகளில் முடிந்துவிடும்.