நடப்பதற்கும் சைக்கிள் ஓடுவதற்கும் பாதை: மாநகரசபையின் முடிவும் எமது உடல்நலமும்

"நாளாந்தம் அரை மணித்தியாலம் நடவுங்கோ" என்று வைத்தியர் சொன்னதும் நாம் தலையாட்டிவிட்டு வருகின்றோம். ஆனால் எங்கே நடப்பது? ஸ்காபரோவின் அகலமான வீதிகளில் ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடையே நீண்ட தூரம். வாகனங்களோ விரைந்து பாய்கின்றன. ஆகவே நடை என்பது எமது மனவுறுதியை மட்டும் பொறுத்ததல்ல. ரொறன்ரோ மாநகரசபை எடுக்கும் முடிவுகளையும் பொறுத்தது. இம்முறை அதைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

எமக்கு நடை ஏன் மிக அவசியம்?

தெற்காசியர்களுக்கு சலரோகம் எனப்படும் நீரிழிவு குறைந்த உடல் எடையிலேயே, இளவயதிலேயே வந்துவிடுகின்றது. மெலிந்தவராகத் தோன்றுபவருக்கும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். நடக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் கால் தசைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோசை உறிஞ்சிக்கொள்கின்றன. சாப்பிட்ட பின் 10 அல்லது 15 நிமிடம் நடந்தாலே சீனியின் அளவு ஏறுவது குறையும்.

பெரியவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. கடைக்கும் பஸ் தரிப்பிடத்திற்கும் கோவிலுக்கும் நடந்து போவதும் இக்கணக்கில் சேரும். இன்சுலின் அல்லது சீனியை இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஓர் இனிப்பைக் கையில் வைத்திருங்கள்.

ஒரு சிறு கணக்கு

வீதியைக் கடக்கும் நேரத்தைப் பொறியியலாளர்கள் கணிக்கும்போது, ஒருவர் ஒரு செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்று எடுப்பது வழக்கம். 20 மீற்றர் அகலமான வீதிக்கு இது ஏறத்தாழ 17 செக்கன். முழங்கால் வலியுடன் 0.8 மீற்றர் வேகத்தில் நடக்கும் அம்மம்மாவுக்கோ 25 செக்கன் தேவை. மீதி 8 செக்கனும் அவர் நடுவீதியில் நிற்கின்றார். வீதி விபத்துகளில் இறக்கும் பாதசாரிகளில் முதியோர் அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிக்னல் நேரத்தைக் கூட்டுவதும், நடுவில் நிற்கத் திட்டு அமைப்பதும், வேக எல்லையைக் குறைப்பதும் மாநகரசபை செய்யக்கூடிய வேலைகள். வீதி மரணங்களை இல்லாமற் செய்யும் 'விஷன் சீரோ' திட்டத்தை மாநகரசபை 2016இல் ஏற்றுக்கொண்டது.

முடிவு எப்படி எடுக்கப்படுகின்றது?

முதலில் நகர அதிகாரிகள் அறிக்கை தயாரிப்பார்கள். அது உட்கட்டமைப்பு, சுற்றாடல் குழுவுக்குப் போகும். பின்னர் மேயரும் 25 உறுப்பினர்களும் கொண்ட மாநகரசபை வாக்களிக்கும். மாநகரசபையின் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது. குழுக் கூட்டத்தில்தான் பெயரைப் பதிந்து சில நிமிடங்கள் பேசலாம், அல்லது கடிதம் எழுதலாம். எனவே செய்தி பத்திரிகையில் வந்த பின் குறைசொல்வதிலும் பார்க்க, குழுவின் முன் வரும்போதே பேசுவது பயன் தரும்.

இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம். புளோர் வீதியில் 2016இல் பரீட்சார்த்தமாக அமைத்த சைக்கிள் பாதை, ஆய்வுக்குப் பின் 2017 நவம்பரில் நிரந்தரமாக்கப்பட்டது. ஸ்காபரோவில் பிறிம்லி வீதியில் 2020இல் அமைத்த பாதையோ நிலைக்கவில்லை, அகற்றப்பட்டது. வேறு பாதைகளோடு இணையாத ஒரு துண்டுப் பாதையை நம்பி எவரும் பிள்ளையை சைக்கிளில் அனுப்பமாட்டார். ஓடுபவர் குறைந்தால் பாதைக்காகப் பேசுபவரும் குறைவர். மாறாக, மின்கம்பிப் பாதையை ஒட்டி, டொன் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் தேசியப் பூங்கா வரை 16 கிலோமீற்றர் தூரத்துக்குத் திட்டமிடப்பட்ட 'மெடோவே' பசும்பாதை, ஸ்காபரோவின் பல அயல்களை ஒன்றிணைக்கின்றது.

மாகாண அரசுக்கும் இதில் பங்குண்டு. வாகன ஒழுங்கையைக் குறைத்து சைக்கிள் பாதை அமைக்க மாகாண அனுமதி வேண்டும் என 2024 நவம்பரில் சட்டம் வந்தது. புளோர், யங், யுனிவர்சிட்டி வீதிகளின் பாதைகளை அகற்றுவது உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமையை மீறும் என்று ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. வாகன ஓட்டுனர்களின் நெரிசல் கவலையும் நியாயமானதே. எம்மில் பலர் இரண்டு வேலைக்கு ஓடுபவர்கள். ஆனால் நடைபாதை, கடவை, சிக்னல் நேரம் ஆகியவற்றைத் திருத்துவதற்கு வாகன ஒழுங்கை எதையும் எடுக்கத் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. உங்கள் வீட்டருகே கடக்கக் கடினமான இடத்தைக் குறித்து, எத்தனை செக்கன் போதாமல் உள்ளது என எண்ணி 311 இலக்கத்துக்கு அறிவியுங்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

2. வட்டார உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். ஆங்கிலம் சிரமமாயின் பிள்ளைகள் உதவட்டும்.

3. சைக்கிள் ஓடும்போது தலைக்கவசம் அணியுங்கள். 18 வயதுக்குட்பட்டோருக்கு இது சட்டம். மணியும், இருளில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இருக்கட்டும்.

4. வாகனம் ஓட்டுபவர்கள் சைக்கிளை முந்தும்போது இயன்றவரை 1 மீற்றர் இடைவெளி விடவேண்டும். பாதசாரிக் கடவையில் நடப்பவர் முழுவதும் கடக்கும் வரை காத்திருப்பதும் 2016 முதல் சட்டமாகும்.

5. மாலையில் தனியே நடக்கத் தயங்குபவர்கள் அயலவரோடு சேர்ந்து நடவுங்கள். வெளிர் நிற உடை அணியுங்கள்.

மருந்தை வைத்தியர் எழுதித் தருவார். நடப்பதற்கான பாதையை நாம்தான் கேட்டுப் பெறவேண்டும்.