தகுதியை முடிவு செய்வது யார்?

1962ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த எட் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர், பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவி வேண்டி மாநில மறுவாழ்வுத் துறையை நாடினார். பதினான்காம் வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால், கழுத்துக்குக் கீழே அவருடைய உடல் பெரும்பாலும் செயலிழந்திருந்தது. ‘இரும்பு நுரையீரல்’ எனப்படும் பெரிய உருளை வடிவ இயந்திரத்துக்குள் படுத்துத்தான் அவர் உறங்குவார். இவரால் வேலைக்குச் செல்ல இயலாது என்று கூறி, துறை அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்தது.

பயிற்சிக்குச் செலவிடும் பணம் ஒரு வேலையைப் பெற்றுத் தர வேண்டும் என்பதே அத்துறையின் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், உதவி யாருக்கு மிகுதியாகத் தேவையோ, அவருக்கே கதவு முதலில் மூடப்பட்டது.

கல்லூரி அதிகாரிகள் ராபர்ட்ஸுக்காக வாதாடினர். செய்தித்தாள்களும் இதை வெளியிட்டன. துறை தன் முடிவை மாற்றிக்கொண்டது. அவருடைய இயந்திரத்தின் எடையை பெர்க்லி பல்கலைக்கழக விடுதிகளின் தளம் தாங்காது என்பதால், வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1975இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டார்!

இதற்கிடையே, 1973இல் இயற்றப்பட்ட மறுவாழ்வுச் சட்டம், கடுமையான குறைபாடு உடையோருக்கே முன்னுரிமை தரவேண்டும் என்றது. 1992இல் செய்யப்பட்ட திருத்தம் அதைவிட முக்கியமானது. ஒருவருக்கு உடற்குறைபாடோ மனக்குறைபாடோ இருந்து, அது வேலைக்குத் தடையாகி, அத்தடையைக் கடக்கச் சேவை தேவைப்பட்டால், அவரால் பயன்பெற முடியும் என்றே அதிகாரி கருத வேண்டும். தம்மால் முடியும் என்று விண்ணப்பதாரர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. முடியாது என்று சொல்லும் அதிகாரிதான் தெளிவான சான்று காட்ட வேண்டும். இன்றைய விதிப்படி, அவ்வாறு சொல்வதற்கு முன்னர், உண்மையான பணியிடத்தில் தக்க துணையுடன் அவருக்கு வேலை கொடுத்துப் பார்க்கவும் வேண்டும். தகுதி பற்றிய முடிவைப் பொதுவாக 60 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

தகுதி கிடைத்துவிட்டால் சேவையும் உடனே கிடைத்துவிடுமா? அப்படிச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் உதவப் பணம் போதாத மாநிலங்களில், மிகக் கடுமையான குறைபாடு உடையோர் முதலில் அழைக்கப்படுவர். மற்றவர்கள் தகுதி பெற்றிருந்தும் காத்திருப்போர் பட்டியலில் இருக்க நேரிடும்.