எலும்பு மச்சை மாற்றும் பிள்ளைக்குச் சாப்பாடும் வைத்தியம்தான்



குருதிப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோயுள்ள சில பிள்ளைகளுக்கு "எலும்பு மச்சை மாற்ற வேணும்" என்று டொக்டர்மார் சொல்வதுண்டு. கேட்டதும் பெரிய ஒப்பரேஷன் என்று பயந்து விடுகிறோம். பிள்ளையை வெட்டுவதில்லை. இரத்தத்தை உண்டாக்கும் மூலக் கலங்களை இன்னொருவரிடம் எடுத்து, இரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுவார்கள். கூடப்பிறந்த ஒருவருடையது முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. 1968இல் அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தை அப்படித்தான் பிழைத்தது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் பழைய மச்சையை அழிக்கக் கடும் மருந்து கொடுப்பார்கள். அது வாயிலிருந்து குடல் வரை புண்ணாக்கும். எச்சில் முழுங்கவே பிள்ளை அழும். புதுக் கலங்கள் வேலை தொடங்க இரண்டு, மூன்று கிழமை, சிலவேளை நாலு கிழமையும் ஆகும். அதுவரை கிருமியோடு போராட வெள்ளைக் கலம் இல்லை, வயிற்றில் சாப்பாடும் இல்லை. உடம்பு தன் சதையைக் கரைத்துத்தான் நாள் தள்ளும். கையிருப்பு இல்லாத பிள்ளை எதைக் கரைக்கும்? மெலிந்து வரும் பிள்ளைக்குத் தொற்று ஆபத்து கூட, தேறவும் நாள் பிடிக்கும். அளவுக்கு மீறிக் கொழுத்த பிள்ளைக்கும் சிக்கல் உண்டு.

ஆகவே ஆயத்தம் லயத்து அடுப்படியிலேயே தொடங்க வேணும். வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும் போதாது. முட்டை, பருப்பு, கடலை, நெத்தலி, இதில் முடிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். வீட்டில் ஒரு முட்டைதான் இருந்தால் அது அந்தப் பிள்ளைக்கு. தலசீமியா பிள்ளைக்கு மட்டும் டொனிக், திரிபோஷா எதையும் டொக்டரைக் கேட்டே கொடுங்கள். இரத்தம் ஏற்றி ஏற்றி அந்த உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும்.

வார்டில் மூக்கு வழியாக டியூப் போட்டால் "இனி அவ்வளவுதான்" என்று தாய்மார் அழுவதுண்டு. அப்படியில்லை. வாய் புண்ணாயிருக்கும்போதும் குடலுக்குச் சாப்பாடு போக அது ஒரு வழி. குடல் சும்மா கிடந்தால் அதன் சுவர் பலவீனமாகும், கிருமி இரத்தத்துக்குள் நுழையும்.

வீடு வந்த பிறகும் பல மாதம் பச்சைச் சம்பல், பழைய சோறு, கொதிக்காத தண்ணீர் வேண்டாம். நாட்டு மருந்துக் கசாயமும் வேண்டாம்.

இன்னொன்று. நிறை கூடினால் நாங்கள் சந்தோஷப்படுவோம். ஆனால் ஸ்டீரொயிட் மருந்தாலும் முகம் உப்பும், கையும் காலும் குச்சியாகவே இருக்கும். அதனால்தான் தராசோடு நிற்காமல் மேல் கையையும் நாடாவால் அளக்கிறார்கள். மச்சை ஏற்றிய முதல் கிழமைகளில் நிறை திடீரென்று ஏறி, வலது பக்க விலாவுக்குக் கீழே நோவும், கண்ணில் மஞ்சளும் கண்டால் அது சதை இல்லை. ஈரல் பாதிக்கப்பட்டு உடம்பில் நீர் தேங்குகிறது. ராத்திரி என்றாலும் நர்ஸ் அம்மாவிடம் உடனே சொல்லுங்கள், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.