சத்தம் போடும் விளம்பரமும் வேலை செய்யும் விளம்பரமும்

விளம்பரம் என்றதும் எமது பகுதி வியாபாரிகளுக்கு நினைவுக்கு வருவன ஒரு சில விடயங்கள்தான். கடை முகப்பில் பெரிய பெயர்ப்பலகை, சந்தியில் ஒரு பெனர், பெருநாள் நெருங்கினால் ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி. இப்போது இவற்றோடு பேஸ்புக் பதிவும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸும் சேர்ந்திருக்கின்றன.

கல்முனையில் சிறிய அளவில் விளம்பர வடிவமைப்பு வேலை செய்பவன் என்ற வகையில் இவை எல்லாவற்றையும் நானும் செய்து கொடுக்கிறேன். "தம்பி, நம்மட கடைப் பேரு தூரத்துக்கே தெரியணும். எழுத்தப் பெருசாப் போடுங்க" என்பதுதான் வருபவர்களில் அநேகரின் முதல் வார்த்தை. அடுத்த வாரம் பக்கத்துக் கடைக்காரர் அதைவிடப் பெரிய எழுத்தில் ஒன்றைத் தொங்க விடுகிறார். இருவரின் பணமும் செலவாகிறது. வாடிக்கையாளரோ இரண்டையும் பார்க்காமலே கடந்து போகிறார்.

எழுத்தின் அளவில் போட்டி போட்டால் இறுதியில் வெல்வது பெரிய முதலீடு உள்ளவர்தான். அப்படியானால் சிறிய வியாபாரிக்கு என்ன வழி? இக்கேள்விக்கு விடை தேட வெளிநாடு போகத் தேவையில்லை. எமது நாட்டிலேயே பாடம் இருக்கிறது.

நுளம்பை விரட்டிய பத்திரிகை

2014ஆம் ஆண்டு உலக சுகாதார தினத்தின் கருப்பொருள், நுளம்பு போன்ற பூச்சிகளால் பரவும் நோய்கள் என்பதாகும். அந்தத் தினத்தையொட்டி 'மவ்பிம' என்ற சிங்கள நாளேடு விசித்திரமான ஒரு காரியம் செய்தது. அச்சடிக்கும் மையில் சிற்றனெல்லா எண்ணெயைக் கலந்து பத்திரிகையை வெளியிட்டது. சிற்றனெல்லா என்பது ஒருவகைப் புல்லிலிருந்து வடிக்கப்படும் எண்ணெய். அதன் மணம் நுளம்புக்குப் பிடிக்காது. யோசனையைக் கொடுத்தது லியோ பர்னட் விளம்பர நிறுவனத்தின் இலங்கைக் கிளை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. அதிகாலைக்குப் பின்னரும் பொழுது சாய்வதற்கு முன்னரும் அதன் தொல்லை கூடுதலாக இருக்கும். மக்கள் பத்திரிகையை விரித்து உட்காருவதும் பெரும்பாலும் அதே நேரங்களில்தான். அதாவது நுளம்பு வரும் வேளையில் ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு பொருளுக்கு இன்னுமொரு வேலை கொடுத்தார்கள். புதிதாக எதையும் வாங்கும்படி மக்களிடம் சொல்லவில்லை.

அன்று பத்திரிகை விற்பனை 30 சதவீதம் உயர்ந்ததாக அந்த விளம்பர நிறுவனம் கணக்கு வெளியிட்டது. உலகச் செய்திகளிலும் அது பேசப்பட்டது.

கையில் இருக்கும் பொருளே போதும்

இதே வழியில் இன்னொரு உதாரணம் பஸ் டிக்கெட். ஆசிரி மருத்துவமனைக் குழுமத்துக்காக ஜியோமெட்ரி குளோபல் என்ற விளம்பர நிறுவனம் சவர்க்காரம் ஏற்றிய தாளில் பஸ் டிக்கெட் செய்தது. பஸ்ஸின் கைப்பிடியை ஒரு நாளில் எத்தனையோ பேர் பிடிக்கிறார்கள். இறங்கியதும் எறிந்துவிடும் டிக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கை கழுவிக் கொள்ளலாம். "நாங்கள் சிறந்த மருத்துவமனை" என்று சொல்வதற்குப் பதிலாக, நோய் வருமுன் காக்கும் ஒரு பொருளைக் கையில் கொடுத்தார்கள்.

இந்தியாவில் 2013இல் அலகாபாத்தில் நடந்த கும்பமேளாவில் லைஃப்போய் சவர்க்காரக் கொம்பனி, சுடச்சுடப் பரிமாறப்பட்ட 25 இலட்சம் ரொட்டிகளில் "கை கழுவினீர்களா?" என்ற பொருளில் ஒரு முத்திரையைச் சூட்டினால் பதித்தது. மையில்லை, தாளில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரே, அதுவும் கை கழுவ வேண்டிய அதே நிமிடத்தில், கேள்வி நின்றது.

ஏறக்குறைய அதே காலத்தில் பெரு நாட்டின் தலைநகர் லீமாவில் ஒரு பொறியியல் பல்கலைக்கழகம் நெடுஞ்சாலையோரம் விளம்பரப் பலகை நிறுத்தியது. லீமாவில் மழை மிகக் குறைவு. ஆனால் காற்றில் ஈரம் அதிகம். அந்தப் பலகைக்குள் பொருத்தப்பட்ட இயந்திரங்கள் காற்றின் ஈரத்தை நீராக்கி, வடிகட்டி, கீழே இருந்த குழாயால் கொடுத்தன. மூன்று மாதத்தில் கிடைத்தது 9,450 லீற்றர் குடிநீர். "எங்களிடம் பொறியியல் படியுங்கள்" என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இது புதிய தந்திரமும் அல்ல. 1900ஆம் ஆண்டில் பிரான்சின் மிச்சலின் டயர் கொம்பனி, வாகனம் ஓட்டுபவர்களுக்கென ஒரு கைநூலை 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது. எங்கே பெற்றோல் கிடைக்கும், டயரை எப்படி மாற்றுவது என்ற விபரங்கள் அதில் இருந்தன. மக்கள் தூரப் பயணம் போனால் டயர் தேயும், தேய்ந்தால் புதிய டயர் விற்கும். அக்கைநூல் இன்று உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் புகழ்பெற்ற வழிகாட்டியாக நிற்கிறது.

நாணயத்தின் மறுபக்கம்

மவ்பிம செய்தது அழகான வேலைதான். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. சிற்றனெல்லாவின் மணம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நுளம்பு பெருகும் இடத்தை அது அழிப்பதில்லை. அதன் பின் மூன்று வருடத்தில், 2017இல், இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கினால் பாதிக்கப்பட்டார்கள். 400க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எமது கரையோர ஊர்களிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடிய தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம்.

விளம்பர நிறுவனங்கள் இப்படியான கண்டுபிடிப்புகளைச் செய்வதற்கு, வருடா வருடம் பிரான்சின் கான் நகரில் கொடுக்கப்படும் விருதுகளும் ஒரு காரணம். விருதுக்காக ஒரு நாள் காட்டிவிட்டு மறந்துபோகும் பொருட்களும் உண்டு. ஆகவே பார்த்துப் படிக்க வேண்டும். அப்படியே பிரதி பண்ணக் கூடாது.

நான் ஒரு யோசனையை எடை போடும்போது மூன்று கேள்விகள் கேட்பேன்.

1. இது வாடிக்கையாளரின் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருளா?

2. இதன் பயனுக்கும் எனது வியாபாரத்துக்கும் தொடர்பு இருக்கிறதா? சவர்க்கார டிக்கெட் மருத்துவமனைக்குப் பொருந்தும். நகைக் கடைக்குப் பொருந்தாது.

3. விளம்பரம் முடிந்த மறுநாளும் பயன் மிஞ்சுமா?

எமது ஊருக்கு எப்படி?

எமது பகுதியில் எருமைத் தயிர் மண்சட்டியில்தான் வருகிறது. தயிர் முடிந்ததும் சட்டி வளவில் கிடக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஒரு தயிர் வியாபாரி சட்டியின் வாயைக் கட்டும் தாளில் கடைப் பெயரோடு இரண்டு வரி அச்சிட்டு, சிறு பொட்டலத்தில் கீரை விதையும் சேர்த்துக் கொடுக்கட்டும். "அடியில் துளையிட்டு மண் போட்டு நடுங்கள். முடியாவிட்டால் கவிழ்த்து வையுங்கள்." நுளம்பு வளரும் இடத்தில் கீரை வளரும். கீரைக்குத் தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கடையின் பெயர் நினைவுக்கு வரும். மூன்று கேள்விக்கும் இது விடை சொல்கிறது.

மருதமுனைக் கைத்தறிச் சாறனை எடுத்துக்கொள்வோம். நல்ல சாறன் பொலித்தீன் பையில் போகிறது. அந்தப் பை அன்றே குப்பைக்குப் போகிறது. தறியில் மிஞ்சும் துண்டுத் துணியில் ஒரு சிறு பை தைத்து, முதல் தடவை எப்படித் துவைக்க வேண்டும் என்று உள்ளே ஒரு சீட்டு வைத்தால் என்ன? அந்தப் பை வருடக் கணக்கில் சந்தைக்குப் போய் வரும். நெசவின் தரத்தை வாயால் சொல்லத் தேவையில்லை. பையைத் தொட்டுப் பார்த்தாலே விளங்கும்.

உண்மையில் இந்தப் பாடம் எமக்குப் புதிதல்ல. நோன்பு காலத்தில் கடைப் பெயரோடு கொடுக்கப்படும் ஸஹர், இப்தார் நேர அட்டவணை ஒரு மாதம் முழுக்க வீட்டுச் சுவரில் நிற்கிறது. ஒரு நாளில் எத்தனை தடவை அதைப் பார்க்கிறோம்! மிச்சலின் கைநூலுக்கு அது தம்பி முறை. அந்த ஒரு மாதத்துச் சிந்தனையை மற்றப் பதினொரு மாதத்துக்கும் கொண்டுபோவதுதான் மீதி வேலை.

தொடங்குமுன்

முதலில் 50 சட்டிக்கு அல்லது 50 சாறனுக்கு மட்டும் செய்து பாருங்கள். எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் அதைப் பற்றிக் கேட்டார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஒரு பெனரின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்குச் சரிவந்தால் தொடருங்கள். இல்லையென்றால் வேறொன்றை யோசியுங்கள்.

சொல்லும் வார்த்தையிலும் கவனம் தேவை. தயிர்ச் சட்டியில் "டெங்கு வராது" என்று எழுதிவிடாதீர்கள். அது உங்களால் கொடுக்க முடியாத உத்தரவாதம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அளவையிலும் நிறுவையிலும் நேர்மை பேணும் வியாபாரிக்கு விளம்பர வார்த்தையும் ஒரு நிறுவைதான். அதில் ஒரு கிராம் கூட்டிச் சொன்னாலும் மோசடியே.

அடுத்த பெனருக்கு ஓடர் கொடுக்கும் முன் கடைக்குள் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வாடிக்கையாளர் தினமும் உங்களிடமிருந்து எடுத்துப் போகும் பை, சட்டி, பெட்டி, பில் துண்டு இவற்றில் எது இன்னுமொரு வேலை செய்யும்? அதைக் கண்டுபிடித்துவிட்டு என்னைப் போன்ற வடிவமைப்பாளரிடம் வாருங்கள். எழுத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.